அம்மாவின் மடியில் இருந்த கல்லுகள்

நான் எழுதிப் பழக்கமில்லாதவள். அஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடம் நிண்டுபோச்சு. ஒரு வசனத்தைத் தொடங்கினால் அது எங்க போய் முடியும் எண்டு எனக்கே தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கோ. மறதியும் இருக்கு. காலமை குளிசை போட்டனானோ இல்லையோ எண்டு மத்தியானம் இருந்து யோசிக்கிறவள் நான். ஆனால் இது சின்ன வயதில நடந்தது. இதை மறக்கச் சொன்னாலும் ஏலாது.

எல்லாருக்கும் எண்டு இதை எழுதேல்லை. என்ர வயதுக்காரருக்குத்தான். அந்த வெயில் காலத்தில எங்கட கரையில என்னோட ஓடித்திரிஞ்ச ஆக்களில ஆரும் மிச்சம் இருந்தால், அவைக்கு. நீங்கள் கனடாவில இருப்பியள், பிரான்சில இருப்பியள், இல்லாட்டில் இஞ்ச ஊர்காவற்றுறையில என்னைப் போல நாரிப்பிடிப்போட கதிரையில இருப்பியள். கடைசியில உங்களிட்ட ஒரு கேள்வி கேக்க இருக்கு. அதுவரைக்கும் என்ர எழுத்தைச் சகிச்சுக்கொண்டு வாங்கோ.

போன மாதம் ஒரு பின்னேரம் பக்கத்து வீட்டு ரீச்சர் போனைப் பிடிச்சுக்கொண்டு படலையைத் திறந்து வந்தா. பென்சன் எடுத்த மனிசி, ஓடாதவ. அண்டைக்கு ஓடி வந்தா.

"அக்கா, இது உங்கட தங்கச்சியெல்லே?"

பாத்தன். வெளிநாட்டில ஒரு பெரிய றோட்டு. கிழடு கட்டையள் கொஞ்சம் நிலத்தில இருக்கினம், கையில எழுதின மட்டை பிடிச்சுக்கொண்டு. வேற எங்கயோ ஒரு நாட்டில சண்டை நடக்குது, குழந்தையள் சாகுதுகள், அதை நிப்பாட்டச் சொல்லி இருக்கினம். சத்தம் போடேல்லை, ஒண்டும் எறியேல்லை, சும்மா இருக்கினம். என்ர தங்கச்சி நரைச்ச தலையோட, நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு நடுவில. நாலு பொலிஸ்காரர் வந்தவை. ரண்டு பேர் கமக்கட்டுக்குள்ள கை குடுத்து, ரண்டு பேர் காலைப் பிடிச்சு, அரிசி மூட்டை தூக்கிற மாதிரித் தூக்கிக்கொண்டு போச்சினம். ஒரு சப்பாத்து கழண்டு றோட்டில விழுந்துது. ஒருதரும் அதை எடுக்கேல்லை. ரீச்சர் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினா. ஒவ்வொரு முறையும் அந்தச் சப்பாத்து அப்பிடியே விழுந்துது.

கொஞ்ச நேரத்தில மகன் போன் எடுத்தான். அவனும் அந்த நாட்டிலதான் இருக்கிறான். வழக்கு முடியுமட்டும் நாட்டின்ர பேரை எங்கயும் சொல்லக் கூடாதாம், அதால நானும் எழுதேல்லை.

"அம்மா, சின்னம்மா செய்த வேலையைப் பாத்தியளே?"

"பாத்தன். சப்பாத்து விழுந்துபோச்சு."

"நான் பொலிஸைப் பற்றிக் கதைக்கிறன், நீங்கள் சப்பாத்தைப் பற்றிக் கதைக்கிறியள்!"

பொலிஸ் சொல்லுதாம், தூக்கேக்க அவள் முழங்கையால ஒருத்தருக்கு இடிச்சவள் எண்டு. எழுபது கடந்தவள், நாலு பேர் பிடிச்சுத் தொங்கவிட்டுக் கொண்டு போறாங்கள், கை எங்கயாவது படத்தானே செய்யும். அதுக்கு வழக்கு. இப்போதைக்குப் பிணையில விட்டிருக்கினம். மகன் ஒரு வக்கீலைப் பிடிச்சிருக்கிறான். அந்த வக்கீல் ஒரு வழி சொன்னவராம்.

"சின்னம்மாவுக்கு இப்ப ஞாபகம் குறைவு, என்ன செய்யிறா எண்டு அவவுக்கே தெரியாது எண்டு நீங்கள் தமக்கை எண்ட முறையில வக்கீலிட்டப் போனில சொன்னால் காணும், அது போதும். பிறகு ஒரு டொக்டர் பாப்பார். வழக்கை விட்டிடுவினம்."

"அவளுக்கு ஞாபகம் குறைவில்லையே மோனை."

"அது எனக்குத் தெரியாதே? சும்மா சொல்லுறதுதானே அம்மா. ஆருக்கு நட்டம்?"

ஆருக்கு நட்டம். இதே கேள்வியை எங்கட வீட்டுக் குசினியில நிண்டு இன்னொராள் கேட்டவர். ஞாயிற்றுக்கிழமை வக்கீலோட போனில வாறன் எண்டு சொல்லி மகன் வைச்சிட்டான். நான் இதை எழுதக் கொப்பியை எடுத்துக்கொண்டு இருந்தனான்.

எனக்கு அப்ப எட்டு வயது இருக்கும். தங்கச்சி என்னிலும் இளமை, இன்னும் பள்ளிக்கூடம் போகேல்லை. எங்கட ஆக்கள் எல்லாரும் வேதக்காரர், கத்தோலிக்கர், கடல் தொழில். பாஸ்குத் திருநாள் முடிஞ்சு வெயில் கொளுத்திற காலம். கிணறெல்லாம் கீழ போய் உப்புச் சவர் தட்டத் தொடங்கீட்டுது. அப்பதான் அந்தக் கப்பல் வந்தது.

அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் நடுவில வெளிப்பக்கமா நிண்டது. சாம்பல் நிறம். எந்தத் தேசத்துக் கப்பல், ஆர் அனுப்பினது, எனக்கு அண்டைக்கும் தெரியாது, இண்டைக்கும் தெரியாது. சண்டைக் கப்பல் எண்டுதான் சொன்னவை. நாள் தவறாமல் கடலுக்குள்ள வெடி வைச்சுது. குசினியில கவிட்டு வைச்ச கோப்பையள் கிலுகிலுக்கும். கோழி அடையை விட்டிட்டு எழும்பி ஓடும். வெடிக்குப் பிறகு காத்தில ஒரு மணம் வரும், பழைய ஆணியை நக்கினால் வருகிற மாதிரி. நாங்கள் பிள்ளையள் ஆணி நக்கியிருக்கிறம், அதால எனக்குத் தெரியும்.

அப்புவிட்ட, அதுதான் எங்கட தகப்பனிட்ட, தங்கச்சி கேட்டாள், "ஏன் அப்பு சுடுகினம்?"

"சுடப் பழகுகினமாம். எங்கயோ தூரத்தில சண்டை வரப் போகுதாம்."

பெரியம்மா, அம்மாவின்ர தமக்கை, மீன் வெட்டிக்கொண்டு இருந்தவ. அவவின்ர வாய்க்கு ஊரில பூட்டில்லை. "சண்டை பழகிறதெண்டால் அவையவையின்ர வளவுக்குள்ள பழகட்டும். எங்கட ஓராமீன் அவைக்கு என்ன செய்தது?" எண்டா.

மீன் கலைஞ்சு போச்சு. ஆம்பிளையள் சுத்திக்கொண்டு தூரக் கடலுக்குப் போகவேண்டி வந்துது. வெடி எங்க விழும் எண்டு ஒருதருக்கும் தெரியாது. எங்கட கரையில ஒரு பழக்கம் இருந்தது. மற்றக் கரையளில இருந்துதோ தெரியாது. கடல் பயமான நாளில, பெண்சாதியின்ர செபமாலையை வள்ளத்தின்ர அணியத்தில, முன் மூக்கில, கட்டி விடுறது. புயல் மாதத்தில ரண்டு மூண்டு தரம் அப்பிடிச் செய்வினம். அந்தக் காலம் முழுக்க ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வள்ளத்திலயும் செபமாலை தொங்கிச்சுது. பொம்பிளையளின்ர கையில ஒண்டும் இல்லை.

அப்ப எப்பிடிச் செபம் எண்ணுறது? அம்மாதான் கல்லுச் சொன்னவ. அம்மா கூச்சக்காறி, நாலு பேருக்கு முன்னால கதைக்க மாட்டா, நானும் அவவின்ர வார்ப்புத்தான். ஆனால் செபம் சொல்ல எண்டு தொடங்கினால் குரல் கணீரெண்டு வரும். அதால கோயிலில அவதான் முன்னுக்குச் சொல்லுறவ. "விரலில எண்ணினால் நித்திரை வரும். மடியில கல்லை வைச்சு வலப்பக்கம் இருந்து இடப்பக்கம் மாத்துங்கோ" எண்டா. கடல் உருட்டி உருட்டி வழுவழுப்பாக்கின கல்லுகள். பொறுக்கிறது எனக்கும் தங்கச்சிக்கும் வேலை. மாதாவுக்குச் சொல்லுற பிரியதத்த மந்திரத்துக்குப் புளியங்கொட்டை அளவு. பிதாவுக்குச் சொல்லுற பரமண்டல மந்திரத்துக்குப் பாக்கு அளவு, தடவிப் பாத்தாலே வித்தியாசம் தெரியவேணும். தங்கச்சி வெள்ளைக் கல்லுத்தான் வேணும் எண்டு நிப்பாள். நான் பொறுக்கினதைப் பாத்து, "இது துருப்பிடிச்ச கறள் நிறம், மாதாவுக்குப் பிடியாது" எண்டு திருப்பி எறிவாள். பொறுக்கினதை நல்ல தண்ணியில கழுவி அம்மாவின்ர மடியில போடுவம். மடி பாரமா, குளிரா இருக்கும். அதில தலை வைச்சுப் படுத்தால் கன்னத்தில கல்லுப் பதிஞ்சிருக்கும்.

பிறகுதான் தண்ணிப் பிரச்சினை வந்தது. கப்பலில இருந்து வள்ளத்தில ஆக்கள் வந்து எங்கட நல்ல தண்ணிக் கிணத்தில பீப்பாய் பீப்பாயா அள்ளத் தொடங்கிச்சினம். தீவில பிறந்தவைக்கு நான் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒரு குடத்துக்காக விடியக்குள்ள வரிசையில நிண்ட ஆக்கள் நாங்கள்.

அம்மா ஒருநாள் கிணத்துக்கட்டில நிண்டு மெல்லமாச் சொன்னா. "வெடியை எங்களால நிப்பாட்ட ஏலாது. தண்ணியை நிப்பாட்டலாம்."

அடுத்த நாள் பூசை முடிஞ்ச கையோட பொம்பிளையள் எல்லாரும் இறங்குதுறையில போய் இருந்தவை. அது அப்ப பலகைப் பாலம். கிணத்தில இருந்து வள்ளத்துக்குப் பீப்பாய் போறதெண்டால் அதால மட்டும்தான் போகலாம். ஆம்பிளையள் வரக் கூடாது எண்டு அம்மா சொல்லிப்போட்டா. "அவை வந்தால் அடிபாடு எண்டு சொல்லுவினம். நாங்கள் செபம் சொல்லுறம், அவ்வளவுதான்." தங்கச்சி அம்மாவின்ர மடியில, கல்லுகளுக்கு நடுவில. நான் பக்கத்தில.

முதல் நாள் பீப்பாய் உருட்டிக்கொண்டு வந்த பெடியள் எங்களைக் கண்டிட்டு என்ன செய்யிறது எண்டு தெரியாமல் நிண்டாங்கள். பெரியம்மா ஒருத்தனைக் கூப்பிட்டா. "தம்பி, உனக்கு விடாய்க்குதெண்டால் செம்பில தாறன், குடி. வெடிக்குக் குடுக்கத் தண்ணி இல்லை." அவனுக்கு எங்கட பாசை விளங்கிச்சோ தெரியாது. செம்பை வாங்கி அண்ணாந்து குடிச்சிட்டு, வெறும் பீப்பாயைத் திருப்பி உருட்டிக்கொண்டு போனான். எங்களுக்கு ஒரே புளுகம், சந்தோசம். இவ்வளவு சுகமாய் முடியும் எண்டு நினைச்சம். சில நாள் அப்பிடித்தான் போச்சு. வெடிச் சத்தமும் குறைஞ்ச மாதிரி இருந்தது.

பிறகு பொலிஸ் வந்தது. மணல் ஒழுங்கைக்குள்ள ஜீப் புதைஞ்சு போச்சு. ஜீப் எண்ட சாமானை நாங்கள் கிட்டத்தில பாத்ததே அண்டைக்குத்தான். பிள்ளையள் எல்லாரும் ஓடிப்போய்த் தள்ளினம். நானும் தள்ளினனான். அதை நினைக்க இப்பவும் எனக்கு என்னிலயே எரிச்சல் வரும். அம்மாவைப் பிடிக்க வந்த ஜீப்பைச் சிரிச்சுச் சிரிச்சுத் தள்ளி விட்டிருக்கிறம்.

இன்ஸ்பெக்டர் தமிழர். அதை நான் அழுத்தி எழுதுறன், ஏனெண்டால் பிறகு ஆக்கள் பாசை விளங்கேல்லை எண்டு கதை கட்டினவை. எங்கட பாசைதான் கதைச்சவர். பாலத்தின்ர தொடக்கத்தில நிண்டார்.

"ஆர் உங்களுக்குத் தலைவி?"

"மாதா" எண்டா பெரியம்மா.

"பகிடி விடவேண்டாம். எழும்புங்கோ எல்லாரும்."

அம்மா தலையைக் குனிஞ்சுகொண்டு சொன்னா, "செபம் முடியேல்லை ஐயா. முடிச்சுப்போட்டுக் கதைப்பம்."

"எப்ப முடியும்?"

"கப்பல் போனவுடன" எண்டா பெரியம்மா.

பொம்பிளையள் சிரிச்சுப்போட்டினம். பயத்தில வந்த சிரிப்பு. அவருக்கு முகம் கறுத்துப் போச்சு. அப்ப ஒரு பொலிஸ்காரர் அம்மாவின்ர மடியை எட்டிப் பாத்திட்டு, "சேர், கல்லு வைச்சிருக்கினம்" எண்டார். மற்றவையின்ர மடியையும் பாத்தவை. எல்லா மடியிலயும் கல்லு.

"எறியவோ கொண்டு வந்தனீங்கள்?"

அம்மாவுக்கு அந்தக் கேள்வி விளங்கவே இல்லை எண்டு நினைக்கிறன். செபக் கல்லை ஆரும் எறிவினமோ? அவவுக்கு வாயால விளங்கப்படுத்த வராது. மடியில இருந்து பாக்கு அளவுக் கல்லு ஒண்டை எடுத்தா. அவருக்கு வடிவாத் தெரியவேணும் எண்டு கையை உயர்த்தி, "இது பரமண்டலத்துக்கு ஐயா" எண்டா.

அவர் சொன்னதைக் கேக்கேல்லை. உயர்த்தின கையைத்தான் பாத்தார்.

அதுக்குப் பிறகு எனக்குத் துண்டு துண்டாத்தான் ஞாபகம். பொல்லு பலகையில படுகிற சத்தம் ஒரு மாதிரி, ஆளில படுகிற சத்தம் வேற மாதிரி. பெரியம்மா முகத்துக்குக் கையைக் குடுத்தா, மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. தண்ணிச் செம்பு உருண்டு போய்க் கடலுக்குள்ள விழுந்துது. மடி அவிழ்ந்து கல்லுகள் பலகை இடுக்குகளுக்குள்ளால தண்ணியில டொப் டொப்பெண்டு விழுந்துகொண்டே இருந்துது. நான் பாலத்துக் கம்பத்தைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். அம்மாவைக் கொண்டையில பிடிச்சு இழுத்தவை. அவ குழறேல்லை. விட்ட இடத்தில இருந்து மந்திரத்தைச் சொல்லிக்கொண்டு போனா. ஒரு பொம்பிளை எண்டாலும் திருப்பிக் கை ஓங்கினதை நான் காணேல்லை.

அம்மாவையும் பெரியம்மாவையும் இன்னும் சிலரையும் ஜீப்பில ஏத்தினவை. பாரத்துக்கு ஜீப் திரும்பவும் மணலுக்குள்ள இறங்கிப் போச்சு. இந்த முறை ஒருதரும் தள்ளப் போகேல்லை. பொலிஸ்காரர் சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத் தாங்களே தள்ளினவை. நாங்கள் வரிசையா நிண்டு பாத்தம்.

தங்கச்சி அழேல்லை, வாயைத் திறக்கேல்லை. கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. அடிபட்டிட்டுது எண்டு நான் பயந்து போனன். வீட்டை வந்து குசினிக்குள்ள நிண்டுதான் துப்பினாள். பரமண்டலக் கல்லு. வெள்ளை. பொலிஸ் எடுக்காமல் இருக்க வாய்க்குள்ள போட்டிருக்கிறாள்.

பாலத்தில மிச்சம் கிடந்த கல்லுகளை அவை கூட்டி அள்ளிக்கொண்டு போய்க் கோட்டில, நீதவானுக்கு முன்னால, ஒரு பேசினுக்குள்ள வைச்சவையாம். கோட்டில நடந்தது பெரியம்மா பிறகு சொல்லிக் கேட்டது, அவ முறிஞ்ச கையோட அங்க நிண்டவ. மற்றவையைக் குற்றக்காசோட விட்டிட்டினம். அம்மாதான் கல்லெறியக் கை ஓங்கினவ எண்டு அவவை மட்டும் வைச்சிருந்தவை. எண்ணத்தான் கல்லு எண்டு அம்மா சொன்னவ. நீதவான் நம்புகிற மாதிரி அதை எடுத்துச் சொல்ல ஒருதரும் இல்லை. எங்கட கோயில் சுவாமியார் வரேல்லை. கோயில் இந்தச் சோலிக்குள்ள போகக் கூடாது எண்டு மேல இருந்து சொல்லிப்போட்டினமாம். அவர் வந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் காணும். எங்கட கரையில எப்பிடிச் செபம் எண்ணுறது எண்டு அவருக்குத் தெரியும்தானே.

கோட்டுக்கு முதல் நாள் அப்பு குசினிக்குள்ள நிண்டார். பிரக்கிராசி, அந்தக் கால வக்கீல், ஒருத்தர் அவருக்குப் புத்தி சொல்லி அனுப்பியிருந்தார். கையில அணியத்தில இருந்து அவிழ்த்த அம்மாவின்ர செபமாலை. பெரியப்பாவிட்டச் சொன்னார். "தலை சுகமில்லை எண்டு சொன்னால் விட்டிடுவினமாம். நான் பிள்ளையளை வைச்சுக்கொண்டு என்ன செய்ய? ஒரு சொல்லுத்தானே. ஆருக்கு நட்டம்?"

கோட்டில அவர் சொன்னது இது. "எங்கட கடைசிப் பிள்ளை செத்ததில இருந்து இவவுக்குத் தலை சுகமில்லை ஐயா. கல்லுப் பொறுக்கிக்கொண்டு திரியிறவ."

தங்கச்சிக்குப் பிறகு ஒரு பிள்ளை பிறந்து செத்தது உண்மை. அதைக் கொண்டுபோய் இதோட சேத்திட்டார். அம்மா அவரைத் திரும்பிப் பாத்தவவாம். அவ இல்லை எண்டு சொன்னால் புருசன் கோட்டில பொய் சொன்னவன் ஆவான். ஒண்டும் சொல்லேல்லை. அண்டைக்கே விட்டிட்டினம்.

வீட்டை வந்த அண்டைக்கு அப்பு படலையில நிண்டு செபமாலையை நீட்டினார். அம்மா வாங்கேல்லை. தாண்டிப் போய் அடுப்பைப் பத்த வைச்சா. செபமாலை சுவரில ஆணியில தொங்கிச்சுது. எத்தினையோ வருசம் அப்பிடியே தொங்கி, இடம்பெயர்ந்து ஓடின நாளில அதோடயே விடுபட்டுப் போச்சு. தங்கச்சியின்ர வெள்ளைக் கல்லும் அந்த ஓட்டத்திலதான் துலைஞ்சது.

கப்பல் போச்சு. எங்களாலயோ, அவை பழகி முடிஞ்சுதோ, ஒருதரும் சொல்லேல்லை. ஆனால் தலை சுகமில்லை எண்ட சொல்லுப் போகேல்லை. முதலில பகிடிக்குச் சொல்லிச்சினம். பிறகு பாவம் எண்டு சொல்லிச்சினம். பாவம் எண்டு சொல்லத் தொடங்கினால் அது உண்மையாப் போயிடும். அவவோட பக்கத்தில இருந்து அதே கல்லை மடியில வைச்சிருந்த பொம்பிளையளே, "ஓம், அவ கொஞ்சம் அப்பிடித்தான், அவவின்ர கதையைக் கேட்டுத்தான் நாங்களும் போய் இருந்தனாங்கள்" எண்டு சொல்லிச்சினம். கோயிலில முன்னுக்குச் செபம் சொல்ல வேற ஆளைப் போட்டினம். கடற்கரையில விறகுக்கு ஒரு மட்டை எடுக்கக் குனிஞ்சாலும் எல்லாரும் பாப்பினம். அவ குனியிறதை விட்டிட்டா. பள்ளிக்கூடத்தில எங்களைக் "கல்லுப்பொறுக்கி" எண்டு கூப்பிட்டாங்கள். நான் அழுதுகொண்டு வருவன். தங்கச்சி அடிச்சுப்போட்டு வருவாள்.

அப்பு கெட்டவர் இல்லை. கெட்டவரா இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வராது. வலையில வந்த நல்ல மீனைத் தெரிஞ்சு தனிய எடுத்து அம்மாவிட்டக் குடுப்பார், சாகுமட்டும் குடுத்தவர். வாய் திறந்து ஒரு சொல் மட்டும் சொல்லேல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முத்தத்தில நிண்டு "நான் பொய் சொன்னனான்" எண்டு சொல்லியிருந்தால் முடிஞ்சிருக்கும். அது எவ்வளவு சின்ன வேலை.

இடம்பெயர்ந்து இருந்த இடத்தில அம்மா கடைசியாக் கிடந்த நேரம் ஒரு டொக்டர் கேட்டார், முந்தி ஏதும் வருத்தம் இருந்ததோ எண்டு. நான் வாய் திறக்க முதல் சொந்தக்காரர் ஒருத்தர் சொல்லிப்போட்டார், "ஓம் டொக்டர், இளவயதில தலை சுகமில்லாமல் இருந்தது." டொக்டர் எழுதிக்கொண்டார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தா. கேட்டதோ தெரியாது.

வக்கீல் வாறதுக்கு முதல் நாள் ரீச்சரைப் பிடிச்சுத் தங்கச்சிக்குப் போன் எடுத்தன்.

"சப்பாத்து எடுத்தியே?" எண்டு கேட்டன்.

"ஒண்டுதான் இருக்கு அக்கா. மற்றதை அவங்களே வைச்சிருக்கட்டும்" எண்டு சிரிச்சாள். பிறகு சிரிக்கேல்லை. "உன்ர மகன் என்னை விசரியாக்கப் பாக்கிறான்."

"நல்லதுக்குத்தான் செய்யிறான்."

"அப்புவும் நல்லதுக்குத்தான் செய்தவர்."

பிறகு அவளே சொன்னாள்.

"நான் என்னத்துக்கு அதில போய் இருந்தனான் எண்டு எனக்கு வடிவாத் தெரியும். ஜெயிலில மறியல் இருந்தாலும் இருப்பன் அக்கா. அம்மா மாதிரி வீட்டை வர மாட்டன்."

ஞாயிற்றுக்கிழமை வக்கீல் போனில வந்தார். மெல்லிய ஆள், கண்ணாடி. மகன் நடுவில இருந்து மொழிபெயர்த்தான். எனக்கு எதிரில ஆள் இருந்தாலே நா எழும்பாது. இப்ப போனுக்குள்ள ரண்டு பேர். வக்கீல் ஏதோ கேட்டார். மகன், "சின்னம்மாவின்ர ஞாபகம் எப்பிடி எண்டு கேக்கிறார், சொல்லுங்கோ அம்மா" எண்டான்.

நான் சொன்னன், "மறதி எனக்குத்தான். அவளுக்கு இல்லை."

மகன் நீட்டுக்கு ஏதோ சொன்னான். வக்கீல் தலையாட்டி எழுதினார். நான் சொன்னது ஒரு விரற்கடை. அவன் சொன்னது ஒரு முழம். எனக்கு இங்கிலீசு தெரியாது, ஆனால் அளவு தெரியும். பக்கத்தில இருந்த ரீச்சரைப் பாத்தன். அவ போனுக்குத் தெரியாத பக்கம் இருந்து தலையை இல்லை எண்டு ஆட்டினா.

"மகன், நான் சொன்னதைச் சொல்லு" எண்டன்.

"சொன்னனான் அம்மா."

"சொல்லேல்லை."

"அம்மா, சும்மா இருங்கோ. உங்களுக்கு உதுகள் விளங்காது."

போனை ரீச்சரிட்டக் குடுத்தன். "நீங்கள் சொல்லுங்கோ. நான் சொன்னதை மட்டும், கூட்டாமல் குறைக்காமல்." ரீச்சரும் பயந்த மனிசி. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னா. வக்கீல் எழுதினதை நிப்பாட்டிப்போட்டு மகனைப் பாத்தார். மகன் என்னைப் பாத்தான். பிறகு போன் கட்டாகிப் போச்சு.

அண்டைக்குப் பிறகு அவன் எடுக்கேல்லை. சின்னம்மா மறியலுக்குப் போனால் அது உங்களாலதான் எண்டு ரீச்சரின்ர போனுக்கு எழுதி அனுப்பியிருக்கிறான். போகலாம். அது எனக்குப் பயம்தான், இல்லை எண்டு சொல்லமாட்டன். வழக்கு அடுத்த மாதம்.

இனி என்ர கேள்வி. உங்களில ஆரும் அண்டைக்கு அந்தப் பாலத்தடியில நிண்டிருந்தால், நான் எழுதினதை ஒருக்காச் சரிபாத்துச் சொல்லுங்கோ. கப்பலின்ர நிறம் பிழையா இருக்கலாம். எனக்கு எட்டு வயதோ ஒன்பது வயதோ, அதுவும் பிழைக்கலாம். பெரியம்மாவுக்கு முறிஞ்சது வலக் கையோ இடக் கையோ எண்டு நான் எவ்வளவு யோசிச்சும் வருகுதில்லை. அதுகள் பிழை எண்டால் திருத்துங்கோ, திருத்தாமல் விட்டாலும் ஒண்டும் இல்லை.

ஒண்டை மட்டும் பாருங்கோ. அம்மா கல்லை உயர்த்தினது காட்டவோ, எறியவோ? நான் கம்பத்தடியில நிண்டு பாத்தனான். காட்டத்தான். ஆனால் நான் மறதிக்காறி, அதோட அவவின்ர மகள். இன்னொராள் சொல்லவேணும். ஒருதர் எண்டாலும் காணும். கெதியாச் சொல்லுங்கோ, நாங்கள் கனபேர் மிச்சம் இல்லை.